கரம் ரசீதில் இருந்த ஒரு சொல்: அப்பா கட்டிய வீட்டை விற்ற 26 மாதங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டை 2023 மே மாதம் விற்பனைக்குப் போட்டோம். பத்திரம் முடிந்தது 2025 ஜூலையில். முதலில் கேட்ட விலை 64 லட்சம், கையில் வந்தது 45 லட்சம். நடுவில் கிடைத்த இரண்டு நல்ல ஆட்களை இழந்தேன். ஒருவரை எங்கள் பிடிவாதத்தால், இன்னொருவரை ஒரே ஒரு சொல்லால். அந்தச் சொல்லைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும். எல்லைப் பக்கம் கேரளாவில் வீடோ இடமோ வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ சென்னையிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அது பேருக்குத்தான் கேரளா. கடையில், கோயிலில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழ்தான். அப்பா அங்கே தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர். 1993-இல் 14 சென்ட் வாங்கி, 1994-இல் வீடு கட்டினார். கிணறு, ஆறு தென்னை, பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை. ஊரில் இன்னும் அதற்கு வாத்தியார் வீடு என்றுதான் பேர். 2021 நவம்பரில் அப்பா போனபிறகு அம்மாவைக் கோயம்புத்தூருக்கு என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். ஆக, வாரிசு நாங்கள் மூன்று பேர், ஓடியாட நான் ஒருத்தி.

வாரிசுச் சான்றுக்கே நீண்ட நாள் ஆனது. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, விசாரணை முடிந்து, கெசட்டில் போட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, அதன் பிறகுதான் கையில் தருவார்கள். அப்புறம் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு, அதாவது நம்மூரில் பட்டா மாற்றம் என்கிறோமே, அது. ஒருவர் இறந்த துக்கத்தில் இதையெல்லாம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போடத் தோன்றும், நாங்களும் தள்ளிப்போட்டோம். விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் உடனே செய்துவிடுங்கள். தம்பியால் அடிக்கடி வரமுடியாது என்பதால் பவர் பத்திரம் எழுதி, மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்பினான். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட இருந்தேன், பத்திரம் எழுதுபவர் ஞாபகப்படுத்தியதால் தப்பித்தேன்.

2023 ஏப்ரலில் எங்கள் மூவர் பெயரில் புதிய கரம் ரசீது வந்தது. நிலவரியை அங்கே கரம் என்பார்கள். ரசீதில் இடத்தின் வகை என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் மலையாளத்தில் 'நிலம்' என்று இருந்தது. எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வரும். நிலம் என்று படித்தேன். நிலம்தானே, வேறென்ன எழுதுவார்கள் என்று மடித்துக் கோப்பில் வைத்துவிட்டேன்.

விலை விஷயத்தில் செய்த தவறை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் யாரோ சென்ட் மூன்றரை லட்சத்துக்குக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். 14 சென்ட்டுக்கு 49 லட்சம், வீட்டுக்கு 15 லட்சம் என்று கூட்டி 64 என்று வைத்தோம். அந்த மூன்றரை லட்சம் ரோட்டோரத்து இடத்துக்கு, அதுவும் சில வருடங்களுக்கு முந்தைய விலை என்பதை விசாரிக்கவில்லை. 30 வருட வீட்டுக்கு 15 லட்சம் யார் தருவார்கள் என்றும் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது அப்பா பி.எஃப். கடன் வாங்கி, தினமும் சாயங்காலம் நின்று தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. வந்து பார்ப்பவருக்கோ பழைய ஒயரிங், குறுகிய சமையலறை, இடிக்க வேண்டிய கொட்டகை. ஒருவர் என் எதிரிலேயே, "வீட்டைக் கணக்கில் எடுக்கலைங்க, இடத்துக்கு மட்டும் சொல்லுங்க" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். ஆனால் அவர் சொன்னதுதான் சந்தை நிலவரம். அங்கே கேட்க ஆளே குறைவு. இளைஞர்கள் படித்துவிட்டு வெளிநாடு போகிறார்கள், பூட்டிய வீடுகள் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. அதற்கு மேல், வாங்குபவர் பத்திரச் செலவாக முத்திரைக்கு 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டும். 50 லட்சத்துக்கு வாங்கினால் அதற்கே 5 லட்சம். அவர் மனதில் அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் நம் விலையைப் பார்க்கிறார். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் சுற்றுவட்டாரத்தில் உண்மையில் பத்திரம் முடிந்த இரண்டு மூன்று இடங்களின் விலையைப் பத்திரம் எழுதுபவரிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்வதையும், சொந்தக்காரர் கேட்பதாகச் சொல்லும் விலையையும் நம்பி உட்கார்ந்தால் எங்களைப் போல் காத்திருக்க வேண்டியதுதான்.

புரோக்கர்கள் நான்கு பேரிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் முதலில் கேட்டது, "வீட்டுல ஆம்பளைங்க யாரு, அவங்ககிட்ட பேசலாமா?" என்பதுதான். தம்பி நம்பரைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவனிடம் ஒரு விலை, என்னிடம் ஒரு விலை என்று ஆகியிருக்கும். ஒரு புரோக்கர் நாங்கள் 60-க்கு இறங்கிய பிறகும் பார்ட்டியிடம் 68 சொல்லியிருக்கிறார், மேலே வருவது தனக்கு என்று. அந்தப் பார்ட்டி கேட்டை எட்டிப் பார்க்காமலே போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது. அதன்பின் கேட்டில் முதலில் தமிழிலும், பிறகு மலையாளத்திலும் போர்டு எழுதி, என் போன் நம்பர் போட்டு மாட்டினேன். எல்லோருக்கும் ஒரே விலை, வேலை முடிந்தால் 2 சதவீதம் என்று நேராகச் சொல்லிவிட்டேன். மலையாளத்தில் போர்டு வைத்த மாதமே பாலக்காடு பக்கமிருந்து நாலைந்து போன் வந்தது. தமிழில் மட்டும் வைத்திருந்தது என் தவறு. கோயம்புத்தூர்க்காரர்கள் கேரளப் பத்திரம் என்றாலே கொஞ்சம் தயங்குகிறார்கள், அதனால் பாலக்காட்டு ஆட்களை விட்டுவிடக் கூடாது.

முதல் நல்ல ஆள் 2023 ஆகஸ்டில் வந்தார். கோயம்புத்தூரில் ரிட்டயர் ஆன தம்பதி, கையில் ரொக்கம், கடன் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள், அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினார்கள். 55 லட்சம் என்றார்கள். நான் அன்றே சரி சொல்லியிருப்பேன். தம்பி போனில், "அக்கா, அவசரப்பட வேண்டாம், 60-க்குக் குறைஞ்சு கொடுத்தா அப்பாவுக்கே மரியாதை இல்ல" என்றான். அம்மாவும் பேசாமல் இருந்தார். பத்து நாள் கழித்து நான் 57 என்று கூப்பிட்டபோது அவர்கள் வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். மந்தமான நேரத்தில் வருகிற முதல் உண்மையான ஆள்தான் பெரும்பாலும் நல்ல விலை சொல்கிறார். ஏனென்றால் அவருக்கு அந்த ஊர் வேண்டும், அந்த வீடு வேண்டும். பின்னால் வருபவர்கள், இத்தனை மாதமாக ஏன் விற்கவில்லை என்ற கேள்வியோடு வருகிறார்கள். விற்பதற்கு முன்பே பங்காளிகள் மூவரும் உட்கார்ந்து, இதற்குக் கீழே போகக்கூடாது என்ற ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு மேல் ஒருவர் சொன்னால், நேரில் இருப்பவர் அந்த இடத்திலேயே கைகொடுக்கும் அதிகாரம் வேண்டும். எங்களிடம் அது இல்லை.

அதற்குள் இரண்டாவது மழைக்காலமும் வீட்டை நனைத்திருந்தது. பூட்டிய வீடு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். மொட்டைமாடியில் இலை அடைத்து நீர் தேங்கி, முன்னறை மேற்சுவரில் கருப்பாகப் பாசி பிடித்தது. ஜன்னல் சட்டத்தில் கரையான். கிணற்று மோட்டார் இறுகிப்போனது. ஓதம் அடித்த வீட்டுக்குள் கால் வைத்தவுடனே வருபவர்கள் முகம் மாறும். 1,85,000 ரூபாய்க்கு ஒழுக்கு அடைத்து வெள்ளையடித்தேன். அது முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொட்டகையை இடித்துச் சுத்தம் செய்து, ஒழுக்கை மட்டும் அடைத்திருந்தால் 60,000-இல் முடிந்திருக்கும். புதிய பெயிண்டுக்காக யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. உருப்படியாகச் செய்தது ஒன்று: பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் 2,500 கொடுத்து, வாரம் இரண்டு நாள் ஜன்னல் திறந்து, கூட்டி, மோட்டார் போடச் சொன்னேன். அதை முதல் மாதத்திலிருந்தே செய்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையில் இருக்கும் கணவன் மனைவி வந்தார்கள். 52 லட்சம், பேங்க் லோன். கரார், அதாவது விற்பனை ஒப்பந்தம், எழுதி 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். அப்பாடா என்று அந்தப் பணத்தை எடுத்து வெள்ளையடித்தவருக்குக் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் அந்தக் கணவர் போன் செய்தார். "சேச்சி, பேங்க் வக்கீல் முடியாதுன்னு சொல்லிட்டார். ரசீதில் நிலம்னு இருக்கு." நான், "ஆமாங்க, நிலம்தானே?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் அவர் விளக்கினார்.

கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல் வயல். வீடு கட்டுகிற மேட்டு இடத்துக்குப் புரயிடம் என்று பேர். நமக்கு எல்லாமே நிலம், அவர்கள் கணக்கில் அது நஞ்சை. 2008-இல் கேரளாவில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அந்த ஆகஸ்ட் 12 முதல் நடைமுறை. அதன்படி பொதுவாக வயலை மேடாக்கி வீடு கட்டக்கூடாது. எங்கள் வீடு அதற்கு 14 வருடம் முன்பே கட்டியது, பஞ்சாயத்து நம்பர் உண்டு, வருடா வருடம் வீட்டு வரி கட்டியிருக்கிறோம். ஆனால் அடிப்படைப் பதிவேட்டில் வகை மாறவே இல்லை. அப்பா வாங்கிய ஆதாரத்தை, அதாவது கிரயப் பத்திரத்தை, திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதிலும் நிலம்தான். 30 வருடமாக எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே அந்தச் சொல் இருந்திருக்கிறது. வீடு நிற்கிறது, பஞ்சாயத்து ஏற்றுக்கொண்டது, ஆகவே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். பஞ்சாயத்துக் கணக்கு வேறு, வருவாய்க் கணக்கு வேறு. இன்றைக்கே உங்கள் கரம் ரசீதை எடுத்து அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். புரயிடம் என்று இருந்தால் நிம்மதி.

நிலம் என்று இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது டேட்டா பேங்க். பாதுகாக்க வேண்டிய வயல்கள் என்று ஊர்வாரியாகத் தயாரித்த பட்டியல் அது. அதில் உங்கள் சர்வே நம்பர் இல்லை என்றால் 50 சென்ட் வரைக்கும் நேராகப் படிவம் 6 போட்டுத் தரம் மாற்றிக்கொள்ளலாம், அதாவது ரசீதில் இருக்கும் வகையை மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் தவறாக ஏறியிருந்தால் முதலில் படிவம் 5 போட்டு அதிலிருந்து நீக்க வேண்டும், பிறகுதான் படிவம் 6. எங்கள் நம்பர் பட்டியலில் இருந்தது. ஒரு ஏஜெண்ட் 60,000 கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. அக்ஷயா மையத்தில் (நம்மூர் இ-சேவை மையம் போல) உட்கார்ந்து நானே ஆன்லைனில் மனு போட்டேன். 25 சென்ட்டுக்குள் இருந்ததால் தரம் மாற்றக் கட்டணமும் இல்லை. 2017 கடைசிக்குப் பிறகு பெரிய இடத்திலிருந்து பிரித்து விற்ற துண்டாக இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

2008-க்கு முன்பே அது வயல் இல்லை என்று காட்டுவதுதான் முக்கியம். அப்பா எதையும் தூக்கிப் போடாத மனிதர். 1994 முதல் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு கொடுத்த காகிதம், கட்டட அனுமதி எல்லாம் பெட்டியில் வரிசையாக இருந்தன. கிருஷி பவனிலிருந்து வேளாண் அலுவலர் வந்து பார்த்தார். அவர் முதலில் போய் நின்றது தென்னை மரங்களுக்குப் பக்கத்தில். வயது கேட்டார். வீடு பால்காய்ச்சிய வருடம் அம்மா நட்ட கன்றுகள் அவை. 30 வருட மரம் என்று அவர் எழுதிக்கொண்டது எங்களுக்குப் பெரிய சாட்சியாக இருந்தது. பழைய சாட்டிலைட் படத்தையும் பணம் கட்டி வாங்கி வைத்தோம். வெள்ளையடிக்கும்போது தொந்தரவு என்று அந்த மரங்களில் இரண்டை வெட்டச் சொல்லியிருந்தேன். நல்லவேளை ஆள் வரவில்லை. தரம் மாற்றம் முடியும்வரை பழைய மரத்தில் கை வைக்காதீர்கள்.

2024 ஏப்ரலில் போட்ட மனு மாதக்கணக்கில் அசையவில்லை. மாநிலம் முழுக்க மனுக்கள் குவிந்து கிடந்தன. அந்த ஜூலையிலிருந்து டெபுடி கலெக்டர்களுக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள், அதன் பிறகு எங்கள் கோப்பு நகர்ந்தது. நவம்பரில் படிவம் 5 உத்தரவு, 2025 மார்ச்சில் படிவம் 6 உத்தரவு, மே மாதம் புரயிடம் என்று போட்ட புதிய ரசீது. மொத்தம் 13 மாதம். இதற்கிடையில் அந்தக் கணவன் மனைவி 2024 ஜூன் வரை பொறுத்திருந்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. என்னிடம் பணம் இல்லை. வளையல்களை அடகு வைத்து 2 லட்சம் திருப்பிக் கொடுத்தேன். வட்டி மட்டும் 14,000 போனது. பத்திரம் முடியும்வரை அட்வான்ஸ் நம் பணம் இல்லை, தனிக் கணக்கில் தொடாமல் வையுங்கள். லோன் கிடைக்காவிட்டால் என்ன, எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதையும் கராரில் எழுதுங்கள். அட்வான்ஸை ரொக்கமாக வாங்கவே வேண்டாம். இடம் விற்கும் விஷயத்தில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

2024 ஆகஸ்டில் பாலக்காட்டில் தொழில் ஸ்மார்ட் சிட்டிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உடனே புரோக்கர்கள், விற்காதீங்க, விலை ஏறும் என்றார்கள். தம்பியும் அதையே சொன்னான். அது வரப்போவது பாலக்காட்டை ஒட்டிய புதுசேரிப் பஞ்சாயத்துப் பக்கம், எங்கள் ஊருக்கும் அதற்கும் நல்ல தூரம். இந்த முறை நான் கேட்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு மாதா மாதம் என்ன செலவாகிறது, அம்மா எத்தனை முறை அதை நினைத்துத் தூக்கம் கெடுகிறார் என்பது எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் வாங்கியவர் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். மகளுக்குக் கல்யாணமாகி, பக்கத்திலேயே குடிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாராம். இரண்டு வருடமாகப் போர்டைப் பார்த்திருக்கிறார். "நீங்க வெளியாளுக்குத்தான் கொடுப்பீங்கன்னு நினைச்சேன் அம்மிணி, நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நேரில் சொல்ல வேண்டும், போர்டு வைத்தால் போதாது. விலை 45 லட்சம். ரசீதில் புரயிடம் என்று இருந்ததால் அவர் வங்கி 20 நாளில் கடன் கொடுத்துவிட்டது.

விற்ற லாபத்துக்கான வரிக்கு ஆடிட்டரைக் கரார் எழுதும் முன்பே பாருங்கள். 2001-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மதிப்பீட்டாளர் 7,50,000 என்று கொடுத்தார். என் பங்கு 15 லட்சத்துக்கு, விலைவாசிக் குறியீடு சேர்த்து 20 சதவீதம் என்று போட்டால் 1,12,000. குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்று போட்டால் 1,56,250. செஸ் தனி. 2024 ஜூலை 23-க்கு முன்பே சொத்து கையில் இருந்தால், இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டில் குறைவானதைக் கட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அந்தத் தேர்வு இல்லை, 12.5 சதவீதம்தான். அவன் பங்குக்கான வரியை வாங்குபவரே பிடித்துக் கட்டவும் வேண்டும். இதை நாங்கள் பத்திரத்துக்கு ஒரு வாரம் முன்புதான் அவரிடம் சொன்னோம். பாவம், அவர் பயந்துவிட்டார். ஆடிட்டரை வைத்து நேரில் விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

பத்திரத்தன்று அம்மா வந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "மோட்டார் ஸ்விட்ச் ஒரு தடவை போட்டு நிறுத்தி, மறுபடி போடணும்" என்று வாங்கியவரின் மகளிடம் சொன்னார். மின் இணைப்பு அப்போதும் அப்பா பெயரில்தான் இருந்தது. பெயர் மாற்றும்வரை பில் வரும்போதெல்லாம் அந்தப் பெண் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். கட்டிவிட்டேன் அக்கா என்று ஒரு வரியும் கூடவே வரும். மூன்றாவது பில்லில் அவள் பெயர் வந்துவிட்டது.